ஏழு சிவப்புப் புள்ளிகளும் ஒரு வயிற்று ஸ்கேனும்

கேள்வி: எனக்கு இரட்டைக் குழந்தைகள். 33 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள், இப்போது ஒன்பது வாரம் ஆகிறது. பெண் குழந்தை பிறக்கும்போது 1,650 கிராம்தான் இருந்தாள். மூன்றாவது வாரத்திலிருந்து அவள் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வர ஆரம்பித்தன. இப்போது ஏழு இருக்கின்றன. தோளில் உள்ளது மட்டும் சுண்டைக்காய் அளவுக்கு மேடாக இருக்கிறது, மற்றவை கடுகு மாதிரி. பையனுக்கு எதுவும் இல்லை. தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் எண்ணிப் பார்த்துவிட்டு ஈரலுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "தோலில் இருப்பதற்கு ஈரலை ஏன் பார்க்கணும், ஸ்கேன் சென்டருக்குக் காசு கொடுக்கவா?" என்று அத்தை கேட்கிறார். கிரகணத்தன்று நான் வாசலுக்கு வந்ததால்தான் இப்படி என்றும் சொல்கிறார். பிறந்தபோதே தைராய்டு டெஸ்ட் எடுத்தார்கள், நார்மல். குழந்தை கொஞ்சம் தேறட்டும், ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா? (ஒரு வாசகி, தேனி மாவட்டம்)

பதில்: வேண்டாம் அம்மா, தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் ஆறு மாதம் காத்திருந்து எடுத்தால் அந்த ஸ்கேனால் பெரிய பிரயோஜனம் இருக்காது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் கிரகணத்தை முடித்துவிடுவோம்.

பையனும் அதே வயிற்றில், அதே கிரகணத்தில்தானே இருந்தான்? அவனுக்கு ஒன்றுமே இல்லையே. இதை அத்தையிடம் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே கேளுங்கள். இந்தச் சிவப்புப் புள்ளிகள் யாருக்கு அதிகம் வரும் என்பது நன்றாகவே தெரியும்: பெண் குழந்தைகளுக்கு, குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு, இரட்டையராகப் பிறந்தவர்களுக்கு. உங்கள் மகளுக்கு நான்கும் பொருந்துகின்றன. நீங்கள் சாப்பிட்டதோ, வாசலுக்கு வந்ததோ இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

இதற்கு ஹெமாஞ்சியோமா என்று பெயர். ஊரில் சிவப்பு மச்சம் என்பார்கள், ஆனால் இது மச்சம் இல்லை. ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்கள் பெருகி உண்டாகும் சாதுவான கட்டி. புற்றுநோய் இல்லை. நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருகிறது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றே ஒன்று. பிறக்கும்போது கண்ணில் படாது, அல்லது வெளிறிய ஒரு திட்டு மட்டும் இருக்கும். ஓரிரு வாரத்தில் சிவந்து, ஐந்திலிருந்து ஏழு வாரத்துக்குள் மிக வேகமாக வளரும். மூன்று மாதம் ஆகும்போது, கடைசியில் எட்டப்போகும் அளவில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தை எட்டியிருக்கும். அப்புறம் வேகம் குறைந்து, ஒரு வயதையொட்டித் தானே வாட ஆரம்பிக்கும். நாலு வயதுக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். சிலருக்குத் தொளதொளத்த தோலோ லேசான தடமோ மிஞ்சலாம்.

சரி, ஈரலுக்கு வருவோம். அத்தை கேட்டது நல்ல கேள்வி. அலட்சியமாக ஒதுக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

தோலில் இருக்கும் புள்ளியிலிருந்து எதுவும் உதிர்ந்து ஈரலுக்குப் போவதில்லை. பரவுகிற நோய் இல்லை இது. ஒரே மழைக்குப் பிறகு வீட்டுக் கூரையிலும் காளான் முளைக்கும், கொல்லையிலும் முளைக்கும். கூரைக் காளான் இறங்கி வந்து கொல்லையில் முளைத்தது என்று யாரும் சொல்வதில்லை. அதுபோல, சில குழந்தைகளின் உடம்பில் இந்த ரத்தக்குழாய்ச் செல்கள் ஒரே காலத்தில் பல இடங்களில் பெருகுகின்றன. தோலில் பெருகினால் தெரிந்துவிடும். உடம்புக்குள் பெருகினால் அதிகமாகத் தேர்ந்தெடுக்கும் இடம் கல்லீரல். தோலில் உள்ளவற்றின் எண்ணிக்கை கூடக் கூட உள்ளேயும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. கவனியுங்கள், அளவு இல்லை, எண்ணிக்கை. தோளில் உள்ள சுண்டைக்காயை விட, கடுகு மாதிரி இருக்கும் மற்ற ஆறும்தான் உங்கள் டாக்டரை யோசிக்க வைத்திருக்கின்றன.

எத்தனை இருந்தால் பார்க்க வேண்டும்? ஐந்து. இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தோலில் ஐந்தோ அதற்கு மேலோ உள்ள 151 குழந்தைகளுக்கு ஈரல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 24 பேருக்கு ஈரலிலும் இருந்தது, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு. ஒன்றிலிருந்து நான்கு வரை மட்டும் இருந்த 50 குழந்தைகளில் ஒருவருக்குக்கூட ஈரலில் இல்லை. 2019-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஐந்து என்ற எல்லையையே வைத்தது. உலகம் முழுக்க இன்று பெரும்பாலான குழந்தை டாக்டர்கள் அதைத்தான் பின்பற்றுகிறோம். உங்கள் டாக்டர் எண்ணிப் பார்த்தார் என்றீர்களே, கூட்டமான தடுப்பூசி நாளில் ஒரு குழந்தையின் சட்டையைக் கழற்றி எண்ணுகிற டாக்டரை நான் சந்தேகப்பட மாட்டேன்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. முதல் கணக்கைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது பயமுறுத்துவதாகிவிடும். ஈரலில் இருந்த அந்த 24 பேரில் ஈரலுக்கென்றே மருத்துவம் தேவைப்பட்டது இரண்டே பேருக்கு. மற்றவர்களுக்கு அவை சின்னச் சின்ன முடிச்சுகளாக இருந்தன, அவ்வளவுதான். ஆக உங்கள் மகளின் ஸ்கேன் சுத்தமாக வரத்தான் வாய்ப்பு அதிகம். ஏதாவது தெரிந்தாலும் அது வெறுமனே கண்காணித்தால் போதும் என்ற வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் எதற்கு எடுக்க வேண்டும் என்று அத்தை அடுத்த கேள்வி கேட்பார். மிச்சமுள்ள அந்தச் சிலருக்காகத்தான். ஈரல் முழுக்க இவை அடைத்துக்கொண்டால் மூன்று விதமாகத் தொல்லை வரும். முதலாவது, கட்டிகளுக்குள் தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் குறுக்கு வழியில் பாயும். போக வேண்டிய இடத்துக்குப் போகாமலே ரத்தம் இதயத்துக்குத் திரும்பி வரும், இதயம் இரட்டை வேலை செய்து களைத்துப்போகும். இரண்டாவது, ஈரல் வீங்கி வயிறு உப்பி, நுரையீரல் விரிய இடம் இல்லாமல் போகும். மூன்றாவது தைராய்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "பிறந்தபோது நார்மல்" என்ற அந்த வரிதான்.

இந்தக் கட்டிகள் ஒரு நொதியை உண்டாக்குகின்றன. தைராய்டு சுரப்பி செய்து அனுப்பும் ஹார்மோனை அது செயலிழக்கச் செய்துவிடும். சுரப்பியில் கோளாறு எதுவும் இல்லை. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, குடத்தில்தான் ஓட்டை. ஈரலில் கட்டி நிறைய இருந்தால் ஓட்டையும் பெரிதாகி, சுரப்பி எவ்வளவு சுரந்தாலும் போதாமல் போகும். மூளை வளர்கிற மாதங்களில் தைராய்டு ஹார்மோன் குறைவது எவ்வளவு ஆபத்து என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இப்படி ஒன்று நடக்கிறது என்பதையே பாஸ்டன் டாக்டர்கள் 2000-ஆம் ஆண்டில்தான் விளக்கினார்கள். பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் இது தெரியாது, அப்போது ஓட்டையே விழுந்திருக்காது. கட்டி வளர்வது அதற்குப் பிறகுதானே. ஆகவே ஸ்கேனில் ஈரலில் நிறைய தெரிந்தால், பழைய ரிப்போர்ட்டைக் காட்டி "ஏற்கெனவே பார்த்தாச்சு" என்று சொல்லாதீர்கள். டிஎஸ்ஹெச், டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைகளை மறுபடி பார்க்க வேண்டும், சில வாரம் கழித்து இன்னொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கலாம்.

இப்போது ஆறு மாதக் கணக்குக்கு வாருங்கள். தோலில் வளரும் அதே காலத்தில்தான் ஈரலிலும் வளரும். தொல்லை கொடுக்கிற வகை பெரும்பாலும் முதல் நான்கு மாதத்துக்குள் தன்னைக் காட்டிக்கொள்ளும். நீங்கள் குழந்தை தேறட்டும் என்று காத்திருக்கும் காலம்தான் பார்க்க வேண்டிய காலம். ஆறு மாதத்துக்குப் பிறகு எந்தத் தொந்தரவும் இல்லாமல் கொழுகொழுவென்று வரும் குழந்தைக்கு, புள்ளி ஏழு இருந்தாலும், பல சமயம் நானே ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு வேலையை அத்தையிடம் ஒப்படைக்கச் சொல்கிறேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

பல வருடம் முன்பு ஒரு குழந்தைக்கு நான் எண்ணி நான்கு என்று எழுதினேன். நான்கு என்றால் ஸ்கேன் தேவையில்லை, போய் வாருங்கள் என்று சீட்டை மடித்துக் கொடுத்தாகிவிட்டது. கூட வந்திருந்த அப்பத்தா எழுந்திருக்கவில்லை. "தலையில ஒண்ணு இருக்கே, அதையும் சேத்தாச்சா?" என்றார். முடியை விலக்கிக் காட்டினார். உச்சிக்குழிக்கு இரண்டு விரல் பின்னால், மிளகில் பாதி அளவுக்கு, நல்ல சிவப்பில் ஒன்று. தினமும் கால்களை நீட்டிப் போட்டு, குழந்தையை அதில் குப்புறக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற கைக்குத் தெரிந்தது, அவசர அவசரமாகப் பார்த்த என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தோம், ஈரலில் ஒன்றும் இல்லை. கதையாகச் சொன்னால் சப்பென்றுதான் இருக்கும், நான் மட்டும் அன்றிலிருந்து "குளிப்பாட்டுவது யார்?" என்று கேட்காமல் எண்ணுவதில்லை.

உங்கள் வீட்டில் அந்தக் கை அத்தையுடையது என்று நினைக்கிறேன். நாளைக் காலை குளிப்பாட்டும்போது வெளிச்சமான இடத்தில் வைத்து முடிக்குள், காது மடலுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், அக்குளில், விரல் இடுக்கில், இடுப்பு மடிப்பில், ஆசனவாய்ப் பக்கம், உள்ளங்காலில் என்று ஒன்றுவிடாமல் எண்ணச் சொல்லுங்கள். ஊசிமுனை அளவு சிவப்பாக, விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவப்பதும் கணக்கில் சேரும். கழுத்தின் பின்புறமும் கண் இமையிலும் தட்டையாக இளஞ்சிவப்பாக இருக்கும் தடம் சேராது. இடுப்பிலும் பிட்டத்திலும் நீலம் பாய்ந்தது மாதிரி இருப்பதும் சேராது. கொசுக்கடி இரண்டு மூன்று நாளில் போய்விடும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: இடது தோளுக்குக் கீழே பிசிஜி ஊசி போட்ட இடம் இந்த வயதில்தான் சிவந்து கட்டி மாதிரி வரும். அதையும் ஒன்றாக எண்ணிவிடுபவர்கள் உண்டு. உங்கள் மகளின் தோளில் உள்ளது எந்தத் தோளில் என்று நீங்கள் எழுதவில்லை. இடது என்றால், ஊசி அங்கே போட்டதா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதைக் கழித்தாலும் ஆறு மிஞ்சும், ஸ்கேன் மாறப்போவதில்லை.

எண்ணிய கையோடு ஒவ்வொன்றையும் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை போதும். வளர்ந்ததா இல்லையா என்பதில் வீட்டில் நடக்கிற சண்டை அதோடு தீரும்.

ஸ்கேன் விஷயத்தில் வீட்டில் உள்ள பயம் எனக்குப் புரிகிறது. இது கர்ப்பத்தில் உங்களுக்கு எடுத்த அதே அல்ட்ராசவுண்டுதான். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை, ஊசி இல்லை. பதினைந்து இருபது நிமிட வேலை. உங்கள் மடியில் படுக்க வைத்தே எடுக்கலாம். ஜெல்லைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிப் போடச் சொல்லுங்கள், சில்லென்று பட்டால் வீரிட்டு அழுவாள், அழுதால் வயிறு இறுகிப் படம் தெளிவாக வராது. சீட்டில் "வெறும் வயிற்றில் வரவும்" என்று அச்சடித்திருப்பார்கள், அது பெரியவர்களுக்கு. 1,650 கிராமில் பிறந்த பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். ஈரலைப் பார்க்க அது தேவையும் இல்லை. அடுத்த பால் நேரத்தையொட்டிப் போய், அழுதால் அங்கேயே கொடுங்கள். பால் குடித்துக்கொண்டே இருக்கும்போது நல்ல படங்கள் வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்த சென்டர் என்பதுதான் முக்கியம். பெரியவர்களுக்கே எடுத்துப் பழகியவர்கள் பெரியவர்களுக்கான கருவியை வைத்து மேலோட்டமாகப் பார்த்தால், அரை சென்டிமீட்டர் முடிச்சு தப்பிவிடும். பச்சைக் குழந்தைகளுக்கு எடுத்துப் பழக்கமுள்ள இடமாகப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஸ்கேன் வசதி உண்டு, காசுதான் தடை என்றால் அங்கேயே போகலாம். சீட்டில் "தோலில் ஏழு ஹெமாஞ்சியோமா, ஈரலில் உள்ளதா, டாப்ளருடன்" என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். டாப்ளர் என்பது ரத்த ஓட்டத்தையும் காட்டும் ஸ்கேன் முறை. வெறும் "வயிறு ஸ்கேன்" என்று போனால் வெறும் வயிறு ஸ்கேனாகத்தான் திரும்பி வரும்.

சுத்தமாக வந்தால் நிம்மதியாக இருங்கள். ஆனால் வளரும் காலம் இன்னும் முடியவில்லை என்பதால், அடுத்த இரண்டு மாதத்தில் புதிதாக நிறைய முளைத்தால் இன்னொரு முறை பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

இரண்டு மூன்று முடிச்சுகள் தெரிந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்து எடை ஏறிக்கொண்டிருந்தால், சில வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துக் கவனிப்போம். தோலில் உள்ளவை வாடும்போது உள்ளே உள்ளவையும் வாடும். இந்தக் கட்டத்தில் யாராவது உடனே சிடி எடுக்க வேண்டும் என்றால், ஏன் என்று கேளுங்கள். கதிர்வீச்சு உண்டு, மயக்கமும் தேவைப்படலாம். அல்ட்ராசவுண்டில் சந்தேகம் தீராதபோதுதான் அடுத்த படி. ஈரலில் ஒரே ஒரு பெரிய கட்டி தெரிந்தால் அது வேறு கதை, அது பெரும்பாலும் இந்த வகையே இல்லை. அதற்குக் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும். அப்போது ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அதன் ரிப்போர்ட்டில் ஆயிரக்கணக்கில் எண் வந்து, பக்கத்தில் "அதிகம்" என்று குறி போட்டிருந்தால் பதறாதீர்கள். பச்சைக் குழந்தைகளுக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு, அது இயல்பாகவே அதிகம். ரிப்போர்ட்டில் அச்சாகியிருப்பது பெரியவர்களுக்கான அளவு.

ஈரலில் நிறைய முடிச்சுகள் இருந்தாலோ குழந்தைக்கு அறிகுறி இருந்தாலோ எக்கோவும் (இதயத்துக்கான ஸ்கேன்) தைராய்டும் பார்த்து, மருந்து ஆரம்பிப்போம். மருந்தின் பெயர் புரோப்ரனோலால். உங்கள் வீட்டிலேயே யாராவது ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். நான் படித்த காலத்தில் இதற்கெல்லாம் ஸ்டீராய்டுதான். குழந்தையின் முகம் பூசணிக்காயாக உப்பி, அம்மாவே அடையாளம் தெரியாமல் பார்ப்பாள். 2008-இல் பிரான்சில் போர்தோ நகரத்து டாக்டர்கள், மூக்கில் ஹெமாஞ்சியோமா உள்ள ஒரு குழந்தைக்கு இதயத் தொந்தரவுக்காக இந்த மருந்தைக் கொடுத்ததையும், மறுநாளே கட்டி நிறம் மாறி மெத்தென்று ஆனதையும் எழுதினார்கள். இதயத்துக்குக் கொடுத்தது கட்டியைக் கரைத்தது. அதோடு எங்கள் வேலையே மாறிப்போனது.

நல்ல மருந்துதான், ஆனால் விளையாட்டு மருந்து இல்லை. எடையைப் பார்த்து மில்லிகிராம் கணக்கில் கொடுப்பது. வயிறு காலியாக இருக்கும்போது கொடுத்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும், குறைமாதக் குழந்தைக்கு இன்னும் சுலபமாகத் தாழும். பால் குடிக்காத நாளில், வாந்தி எடுக்கும் நாளில், மூச்சு இழுக்கும் நாளில் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். வீட்டுப் பெரியவரின் மாத்திரையை உடைத்துக் கால் பங்கு கொடுக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். தோளில் உள்ளதை மட்டும் குறைக்க வேண்டும் என்றால் மேலே தடவும் டிமோலால் சொட்டு மருந்து உண்டு, அதையும் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அதன் மேல் வைக்க வேண்டாம். புண்ணானால் ஆறுவது கஷ்டம்.

ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. பால் குடிக்கும்போது நடுநடுவே விட்டுவிட்டு மூச்சு வாங்குவது, குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, எடை ஏறாமல் நிற்பது, வயிறு நாளுக்கு நாள் உப்பி வலது விலாவுக்குக் கீழே கெட்டியாகத் தட்டுப்படுவது, வெளிறிப்போவது, எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருப்பது. இரட்டையர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி: பக்கத்திலேயே அளவுகோல் படுத்திருக்கிறது. பையன் பத்து நிமிடத்தில் குடிப்பதை இவள் நாற்பது நிமிடம் இழுத்தால் கவனியுங்கள்.

பையனுக்கு ஸ்கேன் தேவையில்லை. அவனையும் ஒரு முறை முழுசாக எண்ணிவிட்டு விடுங்கள்.

பத்தாவது வாரத் தடுப்பூசி வருகிறது இல்லையா? அதற்கு முன் ஸ்கேன் முடிந்துவிட்டால் ரிப்போர்ட்டையும் நாணயப் படங்களையும் சேர்த்து அன்றைக்கே உங்கள் டாக்டரிடம் காட்டிவிடலாம். முடிந்தால் அத்தையையும் அழைத்துப் போங்கள். எத்தனை, எங்கெங்கே என்று அவரே சொல்லட்டும்.